வான் பிரிட்ஜுக்கு 'காஸ் அடிக்கும்' வியாபாரம்

ஆசிரியர் அவர்களுக்கு,

அறுகம்பையிலும் பாசிக்குடாவிலும் சுற்றுலாக்காரருக்கு வாடகைக்கு விடும் கேம்பர் வான்கள் இப்போது கூடிவிட்டன. 2020இல் இலங்கையில் வாகன இறக்குமதியை நிறுத்திய பிறகு, புது வாகனம் எடுக்க வழியில்லாத எங்கள் பொடியன்கள் பழைய வான்களை வாங்கி, உள்ளே கட்டில், அடுப்பு, சிங்க் எல்லாம் பொருத்திப் பிழைப்புக்கு ஒரு வழி பார்த்துக்கொண்டார்கள். நல்ல விஷயம். அந்த வான்களுக்குள் இருக்கும் பிரிட்ஜின் பெயரால் நடக்கும் ஒரு வேலையைப் பற்றித்தான் எழுதுகிறேன்.

பிரிட்ஜ் குளிரவில்லை என்று கொண்டுபோனால், "குளிரூட்டுற காஸ் போயிற்றுது, அடிக்க வேணும்" என்று சொல்லி ஆயிரக்கணக்கில் வாங்குகிறார்கள். சில நாளில் பழையபடி சூடு. திரும்பிப் போனால், "எங்கேயோ லீக் இருக்குது, இன்னொரு தரம் அடிப்பம்" என்று அடுத்த பில். எரிச்சல் என்னவென்றால், அந்த வான்கள் பலவற்றில் இருப்பது காஸ் அடிக்கவே முடியாத வகைப் பிரிட்ஜ். அதற்கு காஸ் அடித்தேன் என்று ஒருவர் சொன்னால், ஒன்றில் அவருக்கு அந்தப் பிரிட்ஜைத் தெரியாது, அல்லது உங்களுக்குத் தெரியாது என்பது அவருக்குத் தெரிந்திருக்கிறது.

நான் குளிர்சாதனப் பெட்டி திருத்தும் தொழிலில் இருந்து ஓய்ந்தவன். கல்லடியில் இருக்கிறேன். போன பருவத்தில் பொத்துவிலில் இருந்து ஒரு தம்பி தன் வானைக் கொண்டுவந்து வளவுக்குள் நிறுத்தி, "ஐயா, இதுக்கு மூன்று இடத்தில காஸ் அடிச்சாச்சு, இனி உங்களை விட்டால் தூக்கி எறியிறதுதான்" என்றார். பின்பக்கத் தகட்டைக் கழற்றிப் பார்த்தேன். கொம்பிரசரே இல்லை. காஸ் அடிக்கும் நிப்பிளும் இல்லை, எங்கும் ஒரு ஒட்டு வைத்த தடமும் இல்லை. மூன்று பேரும் எதற்குள் அடித்தார்கள் என்று இன்றைக்கும் எனக்கு விளங்கவில்லை.

எனவே முதலில் உங்கள் வானில் எந்த வகை இருக்கிறது என்று பாருங்கள். வீட்டுப் பிரிட்ஜைப் போலப் பின்னால் கறுப்பு நிறத்தில் உருண்டையாக ஒரு கொம்பிரசர் இருந்து, அது இயங்கும் உறுமல் கேட்டால் அது ஒரு வகை. சின்னக் கொம்பிரசர், 12 வோல்ட் பெட்டரியில் ஓடும். மற்ற வகையில் சத்தமே இராது. பின்னால் தடித்த இரும்புக் குழாய்கள் வளைந்து வளைந்து போகும், கீழே ஒரு தகட்டுப் பெட்டிக்குள் சூடாகும் பகுதி, பக்கத்தில் சமையல் காஸில் எரியும் சின்னப் பர்னர், மேலே ஒரு புகைக்குழாய். முன்னால் உள்ள சுவிட்ச்சில் வீட்டுக் கரண்ட், பெட்டரி, காஸ் என்று மூன்று இடம் இருக்கும். வெளிநாட்டுக் கரவன்களில் இருந்து கழற்றி, கொண்டெய்னரில் பழைய சாமானாக வருவதில் இதுதான் அதிகம். ஆங்கிலத்தில் அப்சோர்ப்ஷன் பிரிட்ஜ் என்பார்கள்.

எங்கள் பகுதியில் வயதானவர்களுக்கு இது புதிதில்லை. மண்ணெண்ணெய் பிரிட்ஜ் என்று ஒன்று இருந்ததே, அதே சாமான்தான். 1922இல் சுவீடனில் பொறியியல் படித்துக்கொண்டிருந்த வொன் பிளாட்டன், முன்டர்ஸ் என்ற இரண்டு மாணவர்கள் கண்டுபிடித்தது. 1990களில், மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே உள்ள படுவான்கரையில் கரண்ட் இல்லாத கிராமங்களில் தடுப்பூசி மருந்தை வைத்திருக்க இதுதான் துணை. மருந்து 2 பாகைக்கும் 8 பாகைக்கும் இடையில் நிற்க வேண்டும். கீழே போனாலும் பழுது, மேலே போனாலும் பழுது. மண்முனைப் பாலம் வருவதற்கு முந்திய காலம். பிரிட்ஜை நிமிர்த்திக் கட்டி, பாதை என்று நாங்கள் சொல்லும் மிதவையில் ஏற்றி ஆற்றைக் கடந்து, அங்காலே உழவு இயந்திரப் பெட்டியில் வைத்து, குண்டு குழியான ரோட்டால் கொண்டுபோவோம். போய் இறக்கியதும் செய்கிற முதல் வேலை, ஒரு தண்ணீர்மட்டத்தை அதன் தலையில் வைத்துக் காலுக்குக் கீழே பலகைத் துண்டு கொடுப்பது. இரண்டாவது வேலை திரியை வெட்டிச் சுவாலையை நீலமாக்குவது. மூன்றாவது, சுவரில் இருந்து தள்ளி வைப்பது. இந்த மூன்றையும் ஒழுங்காகச் செய்தால் அது வருஷக்கணக்கில் ஓடும். இன்றைக்கு வானில் இருக்கும் பிரிட்ஜும் கேட்பது அந்த மூன்றையும்தான். மட்டம், நெருப்பு, காற்று.

ஏன் என்று கொஞ்சம் விளங்கப்படுத்துகிறேன், விளங்கினால் யாரும் ஏமாற்ற முடியாது. குழாய்களுக்குள் தண்ணீர், அமோனியா, ஐதரசன் மூன்றும் இருக்கின்றன. கீழே சூடு காட்டும்போது தண்ணீரில் கரைந்திருந்த அமோனியா கொதித்துப் பிரிகிறது. கஞ்சிப் பானையில் குமிழி எழும்பும்போது கஞ்சியையும் சேர்த்துத் தள்ளுகிற மாதிரி, அந்தக் குமிழிகளே திரவத்தை ஒரு ஒல்லிக் குழாய் வழியாக மேலே ஏற்றிவிடுகின்றன. அமோனியா ஆவி பின்பக்கம் உச்சியில் உள்ள தகடுகளில் ஆறித் திரவமாகி, பெட்டிக்குள் இறங்கி, அங்கே ஐதரசனோடு கலந்து மறுபடி ஆவியாகிறது. அப்போதுதான் உள்ளே இருக்கும் சூட்டை இழுக்கிறது. பிறகு கீழே வந்து தண்ணீரில் கரைந்து பழைய இடத்துக்குப் போய்ச் சேருகிறது. மோட்டார் இல்லை, பம்ப் இல்லை, அசையும் பாகம் ஒன்றுகூட இல்லை. எல்லாம் புவியீர்ப்பில் வழிந்து ஓடுவது. 20 பாருக்கு மேற்பட்ட அழுத்தத்தில் தொழிற்சாலையில் அடைத்து, ஒட்டி, மூடி அனுப்பியது. அதற்குள் நம்முடைய கராஜில் எதை அடிப்பது?

இனி குளிரவில்லை என்றால் எங்கே தொடங்குவது. சூடு வருகிறதா என்று பார்ப்பதில் தொடங்க வேண்டும். சூடு இல்லாமல் இந்தப் பிரிட்ஜில் குளிர் வராது. பலர் பெட்டிக்குள் கையை வைத்துப் பார்க்கிறார்கள், பின்னால் வைத்துப் பார்ப்பதில்லை.

வானை வீட்டில் நிறுத்தி, வீட்டுக் கரண்டில் ஒரு இரவு முழுக்க ஓட விடுங்கள். வீட்டுப் பிரிட்ஜ் மாதிரி ஒரு மணித்தியாலத்தில் குளிரும் என்று எதிர்பார்க்கக் கூடாது. ஆறு, எட்டு மணித்தியாலம் எடுக்கும், எங்கள் வெக்கைக்கு இன்னும் கூட எடுக்கும். உள்ளே ஒரு கிளாஸ் தண்ணீரில் தேர்மோமீற்றரைப் போட்டு வையுங்கள். காலையில் குளிர்ந்திருந்தால் அடைத்து வந்த குழாய்த் தொகுதி நல்லாக இருக்கிறது என்று அர்த்தம், பிழை பர்னருக்கு வரும் காஸ் பக்கத்தில் அல்லது பெட்டரிப் பக்கத்தில். கரண்டில் குளிராமல் காஸில் மட்டும் குளிர்ந்தால், கரண்டில் சூடாகும் எலிமெண்ட், பியூஸ், வயர் மூன்றில் ஒன்று. இந்த ஒரு சோதனைக்கு மெக்கானிக்கும் வேண்டாம், காசும் வேண்டாம்.

கரண்ட் பக்கத்தில் ஒரு முக்கியமான விஷயம். கனடா, அமெரிக்காவில் இருந்து வரும் பிரிட்ஜின் எலிமெண்ட் 120 வோல்ட்டுக்குச் செய்தது. ஜப்பானில் இருந்து வந்தால் 100 வோல்ட். இங்கே 230. வோல்ட் இரண்டு மடங்கானால் சூடு நான்கு மடங்காகும். 120 வோல்ட்டுக்குச் செய்த 300 வாட் எலிமெண்ட்டை நேராக எங்கள் பிளக்கில் சொருகினால் அது 1100 வாட் இழுக்கும். சில நிமிடத்தில் எலிமெண்ட் போகும், எலிமெண்ட் தாக்குப்பிடித்தால் இன்னும் மோசம், கொதிக்கும் பகுதி வெந்துபோகும். சொந்தக்காரர் அன்பாக அனுப்பிய சாமான் என்று பிளக்கை மட்டும் மாற்றிச் சொருகியவர்கள் இருக்கிறார்கள். பின்னால் ஒட்டியிருக்கும் தகட்டில் வோல்ட் எழுதியிருக்கும். அதை வாசிக்காமல் சொருகவே வேண்டாம்.

எலிமெண்ட் செத்துவிட்டதா என்று பார்க்க மல்டிமீற்றர் போதும். வயரைக் கழற்றி ஓம் பாருங்கள். 230 வோல்ட், 125 வாட் என்றால் 420 ஓம் அளவில் காட்ட வேண்டும். 12 வோல்ட், 120 வாட் எலிமெண்ட் என்றால் 1.2 ஓம். ஒன்றுமே காட்டவில்லை என்றால் உள்ளே அறுந்துவிட்டது. மாற்றுவது சின்ன வேலை. அந்த அளவில் எலிமெண்ட் தேடிப் பிடிப்பதுதான் அலைச்சல்.

படுவான்கரைப் பக்கம் லைனின் கடைசியில் இருப்பவர்களுக்கு இன்னொரு சங்கடம். பின்னேரம் எல்லா வீட்டிலும் லைட் போட்ட பிறகு 230 என்பது 200க்கு இறங்கினால், எலிமெண்ட்டின் சூட்டில் கால்வாசி போய்விடும். விளக்கு கொஞ்சம் மங்கும், அவ்வளவுதான் என்று நினைப்போம். பிரிட்ஜ் அன்றிரவு குளிராது.

பெட்டரியைப் பற்றி எத்தனை தரம் சொன்னாலும் கேட்கிறார்கள் இல்லை. பெட்டரி இடம் எதற்கென்றால், எஞ்சின் ஓடும்போது, ஏற்கெனவே குளிர்ந்த பெட்டியை அப்படியே வைத்திருப்பதற்கு. 120 வாட் என்றால் 10 அம்பியர் இழுக்கும், நிற்காமல் இழுக்கும். 100 அம்பியர் மணி பெட்டரியில் பாதிதான் பாதுகாப்பாகப் பாவிக்கலாம் என்று எடுத்தால் ஐந்து மணித்தியாலத்தோடு சரி. அறுகம்பையில் எஞ்சினை நிறுத்திவிட்டுச் சுவிட்ச்சைப் பெட்டரியில் விட்டுத் தூங்கினால், விடிய வானும் ஸ்டார்ட் ஆகாது, மீனும் நாறும். கூரையில் ஒரு சோலார் தகடு இருக்கிறதே என்பார்கள். ஒற்றைத் தகட்டுக்கு இந்தப் பசி அடங்காது. அத்தோடு எலிமெண்ட்டுக்கு இழுத்திருக்கும் வயர் பெரும்பாலும் ரேடியோவுக்கு இழுக்கும் தடிப்பில் இருக்கும். பெட்டரியில் 12 இருந்தாலும் எலிமெண்ட்டில் 10.5 வந்தால் 120 வாட் 92 வாட் ஆகிவிடும். மீற்றரைப் பெட்டரியில் வைக்காமல், பிரிட்ஜ் ஓடும்போது அதன் பின்பக்க முனையில் வைத்துப் பாருங்கள்.

சரி, காஸ் பக்கத்துக்கு வருகிறேன். பொத்துவில் தம்பியின் வானில் பிழை இங்கேதான் இருந்தது.

பர்னரின் சுவாலை சின்னதாக, நீலமாக, ஆடாமல் நிற்க வேண்டும். மஞ்சளாக ஆடினால் காற்று போதவில்லை, அல்லது பர்னரில் அழுக்கு. மஞ்சள் சுவாலை கரி போடும், கரி புகைக்குழாயை அடைக்கும், அடைத்தால் சுவாலை இன்னும் மஞ்சளாகும். புகைக்குழாய்க்குள் முறுக்கிய தகடு ஒன்று கம்பியில் தொங்கும். சூடு நேராக மேலே ஓடிவிடாமல் சுற்றவைத்து, அமோனியா கொதிக்கும் பகுதியான கொதிகலனுக்குக் கொடுப்பது அதுதான். அதைக் கழற்றித் துடைத்துவிட்டு, குழாயைப் போத்தல் கழுவும் பிரஷ் மாதிரி நீண்ட ஒன்றால் மேலிருந்து கீழே தட்டிவிட வேண்டும். கீழே பர்னரை முதலில் ஒரு துணியால் மூடிவிடுங்கள், இல்லாவிட்டால் கரி முழுக்க அதற்குள் விழும். திரும்பப் பொருத்தும்போது தகட்டைப் பழைய உயரத்தில் தொங்கவிட வேண்டும். கழற்றும்போதே கம்பியின் நீளத்தைப் பார்த்து வையுங்கள்.

பருவம் முடிந்து வான் மாசக்கணக்கில் நிற்கும்போது குளவி மண் கொண்டுவந்து அடைக்கும், சிலந்தி வலை பின்னும். அந்தத் தம்பியின் பர்னருக்குள் குளவிக்கூடு. எடுத்துத் தட்டியபோது ஒரு பிடி மண். அதற்குத்தான் மூன்று தரம் காஸ் அடித்தார்கள்.

காஸ் வரும் ஜெட்டின் ஓட்டை கண்ணுக்குத் தெரியாத அளவு சின்னது. தயவுசெய்து ஊசி போட்டுக் குத்தாதீர்கள். ஓட்டை ஒரு துளி பெருத்தாலும் சுவாலை பெருத்து, மஞ்சளாகி, பிரிட்ஜ் எப்போதும் கரி துப்பிக்கொண்டே இருக்கும். ஸ்பிரிட்டில் ஊறவைத்து, காயவிட்டு, ஊதிப் பார்த்தால் போதும். சுவாலை பற்றிய பிறகு பொத்தானை விட்டதும் அணைந்துபோனால், சுவாலைக்குள் நீட்டிக்கொண்டிருக்கும் தேர்மோகப்பிளைப் பாருங்கள். அது சூடானால்தான் காஸ் வால்வு திறந்தபடி நிற்கும். நுனியில் கரி பிடித்திருக்கலாம், வளைந்து சுவாலைக்கு வெளியே போயிருக்கலாம், பின்னால் நட்டு இளகியிருக்கலாம்.

காஸ் என்று வந்தபடியால் பாதுகாப்பைப் பற்றியும் சொல்ல வேண்டும். 2021 கடைசியில் வீடுகளில் காஸ் சிலிண்டர் விபத்துகள் அடுத்தடுத்து நடந்ததை யாரும் மறந்திருக்க மாட்டோம். வீட்டுக் குசினியில் ஜன்னல் இருக்கிறது. வான் ஒரு மூடிய பெட்டி. இந்த காஸ் காற்றைவிடப் பாரமானது, கசிந்தால் தரையில் தேங்கும். சிலிண்டர் வைக்கும் அறைக்கு அடியில் வெளியே திறக்கும் ஓட்டை இல்லாத வான்களைப் பார்த்திருக்கிறேன். கட்டிலுக்குக் கீழே சிலிண்டர், மேலே வெள்ளைக்காரப் பிள்ளைகள் நித்திரை. பர்னரின் புகையும் முழுக்க வெளியே போக வேண்டும், காபனோரொட்சைட்டுக்கு மணம் கிடையாது. இணைப்புகளைச் சவர்க்கார நுரை போட்டுப் பாருங்கள், நெருப்புக்குச்சி கொளுத்திப் பார்க்கும் ஆட்களும் இருக்கிறார்கள் என்பதால் சொல்கிறேன். பெற்றோல் அடிக்கப் போகுமுன் பர்னரை அணைக்க வேண்டும்.

காற்றுப் பக்கத்தில்தான் எங்கள் ஓடாவிமார் பிழை விடுகிறார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியாது, அவர்களுக்கு அலுமாரி செய்து பழக்கம். பிரிட்ஜைச் சுற்றி அழகாகப் பலகை அடித்து, இடைவெளி இல்லாமல் மூடி, போர்மைக்கா ஒட்டிக் கொடுத்துவிடுவார்கள். பார்க்க வடிவாக இருக்கும். உள்ளே இருந்து இழுத்த சூடு முழுவதும் பின்பக்கத்தால்தான் வெளியே போக வேண்டும். வானின் உடம்பில் கீழே ஒரு சல்லடை, மேலே ஒரு சல்லடை கட்டாயம் வேண்டும். கீழால் குளிர்ந்த காற்று நுழைந்து, சூடாகி, மேலால் போக வேண்டும். பின்பக்கத் தகடுகளுக்கும் சுவருக்கும் இடையில் பெரிய வெறுமை விட்டாலும் சரியில்லை, காற்று தகடுகளைத் தொடாமல் சுற்றிவிட்டுப் போய்விடும். ஒரு தகரத்தை வளைத்துக் காற்றைத் தகடுகள் பக்கம் திருப்பிவிட வேண்டும். பழைய கம்பியூட்டரில் கழற்றிய 12 வோல்ட் விசிறி ஒன்றை மேல் சல்லடைக்குக் கீழே பூட்டினால் உள்ளே நாலைந்து பாகை இறங்கும். நான் பூட்டிக் கொடுத்தவற்றில் யாரும் திரும்பி வரவில்லை.

கச்சான் காற்று அடிக்கும் மாதங்களில் அறுகம்பை வெளியில் நிழலே 35, 36 பாகை. தகர வானின் வெயில் பட்ட பக்கம் பிரிட்ஜின் பின்புறம் இருந்தால் அங்கே 45க்கு மேலே போகும். இந்த வகைப் பிரிட்ஜ் தன்னைச் சுற்றியுள்ள சூட்டைவிட இருபது சொச்சம் பாகைதான் கீழே கொண்டுபோகும். கணக்கைப் பார்த்தால் உள்ளே 25 பாகை. அது பழுது இல்லை, அதனால் முடிந்தது அவ்வளவுதான். மத்தியானத்துக்குப் பிறகு அந்தப் பக்கம் நிழலில் இருக்கும்படி வானைத் திருப்பி நிறுத்துங்கள். வாங்கும்போதே தகட்டில் உள்ள எழுத்தையும் பாருங்கள். 'என்' என்றால் 32 பாகை வரைக்கும், 'எஸ்டி' என்றால் 38, 'டி' என்றால் 43 பாகை வரைக்கும் தாங்கும்படி செய்தது. குளிர் நாட்டுக்குச் செய்த 'என்' பிரிட்ஜைப் பொத்துவிலுக்குக் கொண்டுவந்துவிட்டு மெக்கானிக்கை ஏசி என்ன பிரயோசனம்.

கதவு றப்பரையும் பாருங்கள். ஒரு நூறு ரூபாய்த் தாளைக் கதவிடுக்கில் வைத்துச் சாத்தி இழுத்தால் இறுக்கம் தெரிய வேண்டும். உப்புக் காற்றில் றப்பர் சீக்கிரம் விறைத்துப்போகும். உள்ளே தகடுகளில் பிடித்திருக்கும், குளிரை அளக்கும் சின்ன உணரி கழன்று விழுந்திருந்தாலும் பிரிட்ஜ் தாறுமாறாக நடக்கும். வெயிலில் கிடந்த சோடாப் பெட்டியை அப்படியே அடுக்கிவிட்டு, பின்னேரம் குளிரவில்லை என்று முறைப்பாடு சொல்லும் பயணிகளுக்கு நான் பொறுப்பில்லை.

மட்டம். இதைத்தான் இளம் ஆட்கள் நம்புவதில்லை. ஓடும்போது வான் குலுங்குகிறது, அப்போது ஒன்றும் ஆவதில்லையே என்று கேட்கிறார்கள். ஓடும்போது இங்கும் அங்கும் ஆடி எப்படியும் திரவம் வழிந்துவிடும். கடற்கரை மணலில் ஒரு சக்கரம் புதைய, சரிவாக நிறுத்தி இரவு முழுக்க விட்டால் திரவம் ஒரு மூலையில் தேங்கி நிற்கும். கொதிகலனுக்குத் திரவம் வராது, சூடு மட்டும் வரும். வெறும் சட்டி அடுப்பில் காய்ந்தால் என்ன நடக்கும் என்று வீட்டில் கேளுங்கள். துருப் பிடிக்காமல் இருக்க உள்ளே போட்டிருக்கும் சோடியம் குரோமேற்று அந்தச் சூட்டில் கட்டியாகி, ஒல்லிக் குழாயை அடைத்துவிடும். பக்கவாட்டில் 3 பாகை, முன்பின்னாக 6 பாகை, அதற்கு மேல் சரியக் கூடாது என்பது பொதுவான அளவு. சின்னத் தண்ணீர்மட்டம் ஒன்றை ஐஸ் வைக்கும் தட்டில் வைத்துப் பாருங்கள், வானின் தரையில் வைக்க வேண்டாம். தரையும் பிரிட்ஜும் ஒரே மட்டத்தில் பூட்டியிருப்பார்கள் என்று எந்த உத்தரவாதமும் இல்லை.

அடைத்த பிரிட்ஜைக் கழற்றித் தலைகீழாக வைத்து, புரட்டிப் புரட்டி, பிறகு நிமிர்த்தி ஒரு நாள் விட்டு ஓட்டிப் பார்க்கும் வைத்தியம் ஒன்று உண்டு. மண்ணெண்ணெய்க் காலத்தில் அதைச் செய்து சில பிரிட்ஜ்களை எழுப்பியிருக்கிறோம். வெகுநாள் சும்மா கிடந்து திரவம் பிரிந்துபோனதற்கு அது சரிவரும். சரிவில் காய்ந்து கட்டியானதற்கு அநேகமாகச் சரிவராது. வேறு வழியில்லாவிட்டால் செய்து பார்க்கலாம் என்பது என் அபிப்பிராயம்.

எப்போது கைவிட வேண்டும்? பின்பக்கக் குழாய்களில் மஞ்சள் தூள் படிந்திருந்தால், கதவைத் திறந்ததும் மூக்கை அடிக்கும் அமோனியா மணம் வந்தால், குழாய் கசிந்துவிட்டது. கொதிகலன் பகுதி நன்றாகச் சூடாகி, மற்ற எந்தக் குழாயிலும் சூடு ஏறாமல் இருந்தாலும் உள் ஓட்டம் நின்றுவிட்டது. இரண்டுக்கும் இங்கே திருத்தம் இல்லை, அந்தக் குழாய்த் தொகுதியை முழுதாக மாற்றுவதுதான். மணம் வந்தால் உடனே பர்னரை அணைத்து, கதவு ஜன்னலைத் திறந்து, எல்லோரும் இறங்க வேண்டும். உள்ளே இருக்கும் ஐதரசன் தீப்பிடிக்கும் வாயு. அமெரிக்காவில் 2006இல் இந்த வகைப் பிரிட்ஜ்கள் ஒன்பது இலட்சத்துக்கு மேல் திரும்ப அழைக்கப்பட்டன. கொதிகலன் குழாயில் மெல்லிய வெடிப்பு விழுந்து தீப்பற்றக்கூடும் என்பதுதான் காரணம். அங்கே திரும்ப அழைத்தவற்றில் ஏதாவது பழைய சாமானாக இங்கே வந்து சேர்ந்திருந்தாலும் நமக்குச் சொல்ல ஆள் இல்லை.

செத்த பிரிட்ஜைப் பழைய இரும்புக்காரருக்குக் கொடுத்துவிடுவதுதான் ஊர் வழக்கம். அவர் கிரைண்டரைப் போட்டு வெட்டுவார். அழுத்தத்தோடு அமோனியா முகத்தில் அடித்தால் கண் போகும். அந்த மஞ்சள் தூள் புற்றுநோயைக் கொடுக்கக்கூடிய நஞ்சு, அதை வெறும் கையால் தட்டிவிட்டுச் சோறு சாப்பிடுகிற பொடியனை நான் பார்த்திருக்கிறேன். கொடுப்பதானால் உள்ளே என்ன இருக்கிறது, வெட்டக் கூடாது என்று எழுதி ஒட்டிக் கொடுங்கள்.

கொம்பிரசர் வைத்த 12 வோல்ட் பிரிட்ஜுக்கு இவ்வளவு பாடம் தேவையில்லை. சரிவைப் பொருட்படுத்தாது, வெக்கையை நன்றாகத் தாங்கும். அது நின்றால் பத்தில் பெரும்பங்கு வயர் மெலிவு, பெட்டரி பலவீனம், இளகிய முனை. 10 வோல்ட் சொச்சத்துக்கு இறங்கினால் பெட்டரியைக் காப்பாற்றத் தானே நின்றுவிடும். எச்சரிக்கை விளக்கு பூட்டியிருந்தால் ஒரு தரம் மினுங்கி இடைவெளி விடுவது பெரும்பாலும் அந்த அர்த்தத்தில்தான். அதற்கு காஸ் அடிக்கலாம், உண்மை. ஆனால் அதுவும் மூடிய தொகுதிதான், லீக்கைக் கண்டுபிடித்து ஒட்டாமல் அடிப்பவரிடம் கொடுக்காதீர்கள். புதிதாக வான் செய்ய நினைப்பவர் என்னிடம் கேட்டால், நல்ல பெட்டரியும் சோலாரும் போட முடிந்தால் இந்த வகையை வையுங்கள் என்றுதான் சொல்வேன்.

உங்கள் பத்திரிகை மூலம் மூன்று பேரிடம் கேட்கிறேன். பழைய சாமான் விற்கும் கடைக்காரர்கள், பின்னால் உள்ள தகட்டைக் கழற்றாமல், மேலே பெயின்ட் அடிக்காமல் விற்க வேண்டும், எத்தனை வோல்ட், எந்த வெப்ப வகுப்பு என்பதைப் பில்லில் எழுதிக் கொடுக்க வேண்டும். மட்டக்களப்பிலும் அம்பாறையிலும் குளிரூட்டல் தொழில் படிப்பிக்கும் பயிற்சி நிலையங்கள், கொம்பிரசர் இல்லாத பிரிட்ஜுக்கும் ஒரு நாள் ஒதுக்க வேண்டும். படித்து வரும் பிள்ளைகளுக்கு அப்படி ஒன்று இருப்பதே தெரியவில்லை, அவர்களில் குற்றம் இல்லை. வானுக்கு வாடகைப் பதிவு கொடுக்கும் அதிகாரிகள், டயரையும் லைட்டையும் பார்ப்பதோடு, சிலிண்டர் அறையின் அடி ஓட்டையையும் புகைக்குழாய் வெளியே போகிறதா என்பதையும் பார்க்க வேண்டும். அதற்குப் புதுச் சட்டம் வர வேண்டும் என்றால் வரட்டும், அதுவரை குனிந்து பார்க்க யாரும் தடை சொல்ல மாட்டார்கள்.

காஸ் அடிக்க வேண்டும் என்று யாராவது சொன்னால், வானின் பின்பக்கத்துக்கு அவரைக் கூட்டிப் போய், எந்த இடத்தால் அடிக்கப் போகிறீர்கள் என்று காட்டச் சொல்லுங்கள். காட்ட முடியாதவருக்குக் காசு கொடுக்க வேண்டாம்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற குளிர்சாதனத் திருத்துநர் ஒருவர்,
கல்லடி, மட்டக்களப்பு.